துன்பத்தில் பக்கத்தில் நிற்கும் ஆண்டவர்

(தோட்ட ஜெபக் கூட்டத்தில் பேசியது)



யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் மண்டைதீவு என்று ஒரு சின்னத் தீவு. 1990 ஆகஸ்டில் இராணுவம் அங்கே இறங்கியபோது, பிடிபட்ட இளைஞர்கள் பலர் காணாமற்போனார்கள். சனங்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தார்கள். இன்னும் பதில் கிடைக்காத தாய்மார் உண்டு.

"எல்லாம் ஆண்டவர் சித்தம், தாங்கிக்கோ" என்று அந்தத் தாயிடம் சொல்லலாமா? கூடாதுங்க. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். அப்படிக் கணக்குப் பார்க்க இயேசு இடங்கொடுக்கவில்லை.

அந்தத் தீவில் புனித பேதுருவுக்கு ஒரு கோயில் உண்டு. பேதுரு யார்? பயத்தில் மூன்று தரம் ஆண்டவரை மறுதலித்து, மனங்கசந்து அழுதவர். அப்படி அழுதவரிடந்தான் ஆண்டவர் தமது மந்தையை ஒப்படைத்தார். துன்பம் நல்லதல்ல. ஆனால் அதில் உடைந்த மனசுக்கு அடுத்தவர் வலி புரியும். அந்த மனசுதான் ஆண்டவர் தரும் நன்மை.

1948ல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்த நமக்கு இது தெரியாதா? ஆகவே, லயத்தில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் உபதேசம் வேண்டாம். கொழுந்து நிறுத்துப் போட்டதும் போய்ப் பக்கத்தில் உட்காருங்க. தேத்தண்ணி ஊத்திக் கொடுங்க. நியாயம் கேட்கிறவளோடு சேர்ந்து நில்லுங்க. ஆண்டவர் அங்கேதான் இருப்பார்.