தூக்கிச் செல்லும் தளமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை, மலருக்காக எழுதித் தரப்பட்டது)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. செனாவாங் தொழிற்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் மெஷினோடு பேசிப் பழகியவன். என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்த எனக்கு, ஒரு தாயும் அவர் மகனும்தான் விஷயம் எடுத்துக் கொடுத்தார்கள்.

போன மாதம் பசார் மாலாமில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பையனை அடுத்த வருடம் முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று வீட்டில் ஒரே யோசனையாம். "அண்ணே, நம்ம பள்ளிக்கூடம் சின்னது. பிள்ளைங்களும் குறைஞ்சுகிட்டே வர்றாங்க. இங்க படிச்சு இவன் என்ன ராக்கெட்டா விடப் போறான்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பையன் என் கையைப் பிடித்து, "மாமா, ராக்கெட் எங்கிருந்து விடுவாங்க?" என்றான். "அப்புறம் சொல்றேன் தம்பி" என்று தப்பித்து வந்தேன். அந்தப் பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ராக்கெட்டைத் தரையில் நிற்க வைத்துக் கிளப்பும் இடத்துக்கு ஏவுதளம் என்று பெயர். வெறும் சிமெண்டுத் தரை என்று நினைத்துவிடாதீர்கள். ராக்கெட்டை நேராக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். எரிபொருளை நிரப்ப வேண்டும். எரிபொருள் எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரிக்குக் குளிர வைத்துத் திரவமாக்கி ஊற்ற வேண்டும். கீழே வரும் நெருப்பைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு வால்வையும் கண்காணிக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் ஏவுதளம்.

இந்தியாவின் பெரிய ஏவுதளங்கள் ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் உயரம் 44 மீட்டர். எடை சுமார் 320 டன். அதற்கு உயர்ந்த கோபுரமும் பெரிய கட்டடங்களும் இல்லாமல் முடியாது.

ஆனால், எல்லா ராக்கெட்டுக்கும் இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் நம் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் 2017-ஆம் ஆண்டு அக்னிகுல் காஸ்மாஸ் என்ற நிறுவனம் பிறந்தது. ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் என்ற இருவரும், பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியும் சேர்ந்து தொடங்கியது. இவர்கள் திட்டமிட்ட 'அக்னிபாண்' ராக்கெட்டின் உயரம் சுமார் 18 மீட்டர்தான். சிறிய செயற்கைக்கோள்களைச் சுமப்பதற்கென்றே வகுத்தது. அதோடு நிற்காமல், ராக்கெட்டை ஏவும் மேடையையும் இடம் மாற்றக்கூடியதாகவே வடிவமைத்தார்கள். அதற்கு 'தனுஷ்' என்று பெயர் வைத்தார்கள். தனுஷ் என்றால் வில். பாண் என்றால் அம்பு. அம்பு போகும் இடமெல்லாம் வில்லும் கூடவே போக வேண்டும் அல்லவா?

இது என்ன புதுமை என்று கேட்பவர்களுக்கு நம் பசார் மாலாமையே காட்டுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே வெறும் சாலைதான். வேன்கள் வருகின்றன, கூடாரம் எழும்புகிறது, விளக்கு எரிகிறது, அடுப்பு பற்றுகிறது. இரவு பத்துக்கு மேல் எல்லாவற்றையும் மடித்துக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாளைக்கு வேறு தாமான். கடைக்காரர் கடையைக் கட்டிப்போட்டு ஆளுக்காகக் காத்திருப்பதில்லை. ஆள் இருக்கும் இடத்துக்குக் கடையைக் கொண்டுபோகிறார். இடம் மாறும் ஏவுதளத்தின் தத்துவமும் அதுதான்.

ராக்கெட்டுக்கு ஏன் இடம் மாற வேண்டும்? செயற்கைக்கோள் போக வேண்டிய பாதையைப் பொறுத்துக் கிளம்பும் இடமும் மாறுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் குறுக்கே இலங்கை வருகிறது. மக்கள் வாழும் தீவின் மேல் பறக்கக் கூடாது என்பதால் ராக்கெட் வளைந்து போக வேண்டும். வளைந்து போனால் எரிபொருள் அதிகம் செலவாகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கும். சிறிய ராக்கெட்டுக்குத் தாங்காது. அதனால்தான் சிறிய ராக்கெட்டுகளுக்கென்று திருச்செந்தூருக்குப் பக்கத்தில் குலசேகரப்பட்டினத்தில் ஒரு புதிய ஏவுதளத்துக்கு 28 பிப்ரவரி 2024 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நம்மில் பலர் முருகனைக் கும்பிடப் போய்வரும் அதே கடற்கரைப் பக்கந்தான்.

இது இந்தியாவின் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டின் ரசாக்சாட் செயற்கைக்கோள் எங்கிருந்து போனது தெரியுமா? பசிபிக் கடலில் குவாஜலீன் தீவுக் கூட்டத்தில் ஓமெலெக் என்று ஒரு குட்டித் தீவு.  சுமார் எட்டு ஏக்கர்தான். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் தன் முதல் சிறிய ராக்கெட்டான பால்கன்-1-ஐ அமெரிக்காவில் கலிபோர்னியாவிலிருந்து விடத்தான் முதலில் ஏற்பாடு செய்தது. அங்கே பெரிய ராக்கெட்டுகளுக்கே முதலிடம். சிறியவன் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே சாமான்களையெல்லாம் கப்பலேற்றிக்கொண்டு அந்தத் தீவுக்குப் போய்விட்டார்கள். அந்தத் தீவு பூமத்திய ரேகைக்குப் பக்கம். நம் நாட்டை அடிக்கடி கடந்து செல்ல வேண்டிய ரசாக்சாட்டுக்கும் பூமத்திய ரேகையை ஒட்டிய பாதைதான் தேவை. 2009 ஜூலை 14 அன்று அந்தச் சின்னத் தீவிலிருந்து நம் செயற்கைக்கோள் மேலே போயிற்று.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் பிள்ளைகள் கேட்க வேண்டும். 2006 மார்ச்சில் போன முதல் பால்கன்-1, கிளம்பிய அரை நிமிடத்தில் தீப்பிடித்து விழுந்தது. காரணம் என்ன? எரிபொருள் குழாயில் ஒரு சின்ன அலுமினிய நட்டு. கடற்கரை உப்புக் காற்றில் அது அரித்துப்போயிருந்தது. ஒரு நட்டு! முப்பது வருடம் நட்டும் போல்ட்டும் கடைந்த எனக்கு இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. 2007-இல் இரண்டாவதும் தவறியது. 2008 ஆகஸ்டில் மூன்றாவதும் தவறியது. அதே வருடம் செப்டம்பர் 28-இல் நான்காவது வென்றது. அந்த ஐந்தாவதில்தான் நம் ரசாக்சாட் போனது.

ஆகவே, தளம் சின்னதாக இருந்தால் வேலை சுலபம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஏ.பி.எல். என்ற நிறுவனம் ஏவுதளச் சாமான்களையெல்லாம் கப்பல் கொள்கலன்களில் அடைத்து எடுத்துச் செல்லும்படி அழகாகச் செய்தது. 2023 ஜனவரியில் அலாஸ்காவில் அவர்கள் விட்ட முதல் ராக்கெட், இயந்திரங்கள் நின்றுபோய்த் தளத்தருகிலேயே விழுந்து எரிந்தது. பிறகு அந்த நிறுவனம் செயற்கைக்கோள் ஏவும் வியாபாரத்தையே விட்டுவிட்டது. கொள்கலனில் குழாயையும் கம்பியையும் அடைக்கலாம். கவனத்தையும் பொறுமையையும் ஆட்கள்தான் சுமந்துபோக வேண்டும்.

இப்போது மறுபடி தனுஷுக்கு வருகிறேன். அக்னிகுல் நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே தனக்கென்று ஒரு சிறு தளம் அமைத்தது. இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் வடிவமைத்த முதல் ஏவுதளம் அது. 2022 நவம்பர் 25-இல் திறக்கப்பட்டது. கட்டுப்பாட்டு மையம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர் தூரத்தில். முதலில் ஒரு சோதனை ராக்கெட்டை விட்டுப் பார்ப்போம் என்று 2024 மார்ச்சில் நாள் குறித்தார்கள். கிளம்பவில்லை. ஏப்ரலில் இரண்டு தடவை முயன்றார்கள், கிளம்பவில்லை. மே 28-இல் கிளம்புவதற்குச் சில வினாடிகளே இருந்தபோது பற்றவைக்கும் பகுதியில் சந்தேகம் வந்தது, நிறுத்திவிட்டார்கள்.

நாலு தடவை! ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. "போனா போகட்டும், விடுடா" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ராக்கெட்டைக் குப்பையிலும் போடவில்லை. "இது உதவாது" என்று திட்டவும் இல்லை. எங்கே கோளாறு என்று பார்த்தார்கள், சரி செய்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள். மே 30, வியாழக்கிழமை, இந்திய நேரம் காலை 7.15-க்கு ஐந்தாவது முயற்சியில் அது வானத்தில் ஏறியது. அதன் இயந்திரம் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒட்டும் பற்றவைப்பும் இல்லாமல் ஒரே துண்டாகச் செய்யப்பட்டது. விண்வெளிப் பாதையில் சுற்றப் போன ராக்கெட் அல்ல அது, சோதனைதான். ஆனாலும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து செய்த சோதனை.

பெற்றோர்களே, இனி நான் பேசுவது உங்களிடம்.

1980-இல் நான் எஸ்.ஆர்.பி. தேர்வு எழுதினேன். தேறவில்லை. அந்தக் காலத்தில் மூன்றாம் படிவத்தில் தேறாத தோட்டத்துப் பையன் மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போவான். அது எழுதாத சட்டம். என் அப்பா பால்மரம் வெட்டியவர். அன்று ராத்திரி எங்கள் லயத்துக்கு ஒரு ஆசிரியர் வந்தார். "கணக்கிலதான் விட்டுட்டான். இன்னும் ஒரு வருஷம் குடுங்க" என்றார். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிங்க சார்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வருடமும் அப்பா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். நான் தனியாகப் படித்து மறுபடி எழுதித் தேறினேன். பிறகு தொழில் கற்றேன்.

பக்கத்து வீட்டில் என் சிநேகிதன் ஒருவன். அவனும் தேறவில்லை. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். மலாய் மொழியில் தவறிவிட்டான். அவன் வீட்டுக்கு யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் அவன் பெரட்டில் நின்றான். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். அது இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எங்கள் இருவருக்கும் பள்ளி ஒன்று, லயம் ஒன்று, மார்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு ஒரு ஆள் வந்து, "கொஞ்சம் நிறுத்து, சரி செய்து மறுபடி பார்ப்போம்" என்றார். அவனுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே, பசார் மாலாமில் கேட்ட அந்தத் தங்கைக்கு நான் சொல்லும் பதில் இது: உன் மகன் ராக்கெட் விடுவான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பள்ளி சின்னது என்ற காரணத்துக்காகப் பயப்படாதே. தும்பாவில் 1963-இல் இந்தியா முதல் ராக்கெட் விட்டபோது ஒரு பழைய மாதா கோயில்தான் தொழிற்கூடம். பாகங்கள் சைக்கிளில் போயின. தளம் சின்னதா பெரிதா என்று கேட்காதே. அங்கே ஒவ்வொரு நட்டையும் பார்க்க ஆள் உண்டா என்று கேள். பிள்ளை குறைவாக இருக்கும் வகுப்பில், ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க ஆசிரியருக்கு நேரம் உண்டு. மீதியை நாம் பார்க்க வேண்டும்.

இன்று மேடைக்கு வந்து பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. ஆனால் பரிசு வாங்காமல் கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகளையே நான் அதிக நேரம் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும், "நீ ஏன் வாங்கல?" என்று கேட்காதீர்கள். "எங்கப்பா தடங்கலாச்சு?" என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு எஸ்.பி.எம். எழுதாமலே நின்றுவிடும் பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை உங்கள் தாமானில் இருந்தால் ஒரு ராத்திரி அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் அனுமதி தந்தால், சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் இந்தப் பள்ளியில் இருப்பேன். அளவுகோலைப் பிடிப்பது, திருகாணியின் பல்லை எண்ணுவது, கணக்கை இரும்பில் பார்ப்பது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பையன் முதலாம் ஆண்டில் சேர்ந்துவிட்டால் அவனும் வரட்டும். ராக்கெட் எங்கிருந்து விடுவார்கள் என்ற அவன் கேள்விக்கு ஓர் ஓலைக்காற்றாடியில் ஆரம்பித்துப் பதில் சொல்வேன்.