இளவயதில் நின்றுவிடும் இதயம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நோய்நொடி அறியாத இளைஞர் ஒருவர் விளையாட்டுத் திடலில் சுருண்டு விழுந்து மவ்த்தாகிவிடுகிறார். மாரடைப்பு என்கிறோம். அன்றே நல்லடக்கமும் முடிந்துவிடுகிறது. பிரேதப் பரிசோதனையை நம் குடும்பங்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை; அதன் காரணம் யாவரும் அறிந்ததே. ஆனால் மரணத்தின் காரணமும் மய்யித்துடன் அடக்கமாகிவிடுகிறது. அது வழிவழியாக வரும் காரணமாயின், உடன்பிறந்தோரிடமும் இருக்கக்கூடும் அல்லவா?

மாரடைப்பு, இரத்தக்குழாய் அடைபடுவதால் வருவது. இளையோரின் திடீர் மரணங்கள் பலவற்றில் அடைப்பே இராது. இதயத்தைத் துடிக்கச் செய்வது மின்னோட்டம். செல்களின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் வழியே சோடியம், பொட்டாசியம் அயனிகள் சென்று வருவதால் அது உண்டாகிறது. அவ்வாயில்களை அமைக்கும் மரபணுவில் பிழையிருப்பின் ஓட்டம், நீச்சல், திடீர் அதிர்ச்சி ஆகிய வேளைகளில் துடிப்பு தடுமாறும். ‘நீண்ட கியூ.டி.’ எனப்படும் இந்நோயில் சில விநாடி மயக்கமே முதல் அறிகுறியாகலாம். அதை வலிப்பென்று கருதி ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்போரும் உளர்.

இதில் ஒருவகை, பிறவிச் செவிட்டுத்தன்மையோடு சேர்ந்து வரும். 1957-இல் நார்வே நாட்டு மருத்துவர்கள் இதனை விவரித்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தாலே இவ்வகை தோன்றும். ஆகவே நெருங்கிய சொந்தத்திற்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். செவித்திறனின்றிப் பிறந்த பிள்ளை மயங்கியும் விழுமாயின் உடனே இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

மற்றொரு வகை, இதயத் தசையையே பற்றுவது. இதன் ஆய்வில் நம் அண்டை ஊரான மதுரைக்குப் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி, ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் முதலானோர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தசைப் புரதமொன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் நிலை, இந்தியரில் நூற்றுக்குச் சுமார் நால்வரிடம் உள்ளதென்றும், இதயத் தசை நோயுற்றோரிடம் மிகுந்துள்ளதென்றும் அவர்கள் கண்டனர். அஞ்ச வேண்டாம், அந்நால்வரில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர்.

இளவயதில் ஒருவர் காரணமின்றித் திடீரென இறந்த வீட்டில், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் இ.சி.ஜி., எக்கோ எடுத்து இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். பலருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரையே போதும். சிலருக்கு மார்பில் சிறு கருவி பொருத்த நேரிடும்.

சம்பந்தம் பேசும்போது வீட்டின் பழைய மரணங்களை மறைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மருத்துவரிடமாவது மறைக்காதீர்கள்.