கொழுகொழுவென்று இருந்தால் போதுமா?

(எலவனாசூர்கோட்டையில் நமது அறக்கட்டளை நடத்திய தாய் சேய் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ரமலான் உதவிப் பையில், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு டின் பால் பவுடரும் சேர்த்துக் கொடுக்கலாமே என்று நம்மவர்கள் சிலர் நல்ல எண்ணத்தோடு கேட்டிருக்கிறார்கள். கொடுப்பதில்லை என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். அதற்கான காரணத்தைச் சபையில் சொல்வது நமது கடமை.

முதலில் சட்டம். 1992ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டத்தின்படி, பால் பவுடரையும் பால் புட்டியையும் அனாதை இல்லங்களுக்கு அன்றி மற்றவர்களுக்குத் தானமாகக் கொடுக்கக் கூடாது. விளம்பரம் செய்வதற்கும் தடை உண்டு. ஆனால், சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது.

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எடையைத்தான். பிள்ளை சற்று ஒல்லியாக இருந்தால், "பூஞ்சையாக இருக்கிறதே, பால் பத்தவில்லையா?" என்று ஒரு வார்த்தை விழும். அந்த ஒரு வார்த்தையில் பெற்றவளின் மனம் உடைந்துவிடும். மூன்றாம் மாதமே புட்டி வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிற பெட்டியிலும் டின் வந்து இறங்கும். பிள்ளை கொழுகொழுவென்று ஆனதும் எல்லோருக்கும் திருப்தி. இந்தத் திருப்தி சரிதானா என்பதுதான் நமது கேள்வி.

புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற சர்க்கரை நோய் மருத்துவர், 1993 முதல் சுற்றுவட்டார ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளையும் பிறந்த பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார். அங்கே பிறந்த பிள்ளையின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் 3.5 கிலோ. நம் பிள்ளைகளின் தசையும் வயிற்றுறுப்புகளும் அவர்களை விட வெகுவாகச் சிறுத்திருந்தன. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே விகிதத்துக்கு மேல் கொழுப்பு. இப்படிப் பிறக்கும் பிள்ளைக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

டெல்லியில் பிறந்தது முதல் கவனிக்கப்பட்டு வந்த சுமார் 1,500 பேரை, அவர்கள் 26 முதல் 32 வயதுக்குள் இருந்தபோது பரிசோதித்தார்கள். அந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்குப் பின் 12 வயதுக்குள் வேகமாகச் சதை போட்டவர்களிடம்தான் இரத்தச் சர்க்கரைக் கோளாறு அதிகம் காணப்பட்டது. 12 வயதில் அவர்களில் யாரும் குண்டுப் பிள்ளை என்று சொல்லும்படி இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே ஒல்லியான பிள்ளையைப் பட்டினி போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவசரப்பட்டுக் கொழுக்க வைக்காதீர்கள் என்கிறோம்.

டின் பாலில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதம். பசும்பாலில் மூன்று கிராமுக்கும் மேல். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் புரதம் கூடிய பவுடரையும் குறைந்த பவுடரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆறு வயதில், புரதம் கூடிய பால் குடித்தவர்களில் உடல் பருமன் இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. மேலும், மார்பில் குடிக்கும் பிள்ளை வயிறு நிறைந்ததும் தானே வாயை எடுத்துவிடும். புட்டியில் மீதம் இருந்தால் நாம் விடமாட்டோம். கடைசிச் சொட்டு வரை புகட்டுவோம். போதும் என்று பிள்ளைக்கு அல்லாஹ் கொடுத்த அறிவை நாமே மழுங்கடிக்கிறோம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சேனை, சீனித் தண்ணீர், கிரைப் வாட்டர் வேண்டாம். ஒரு வயது வரை தேனும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் நரம்புகளைத் தாக்கும். ஆறு மாதம் முடிந்ததும், தாய்ப்பாலோடு குழைந்த சோறும் பருப்பும், நம் கல்வராயன் மலையில் விளையும் கேழ்வரகு, சாமைக் கஞ்சியும், முட்டையும், கீரையும் கொடுங்கள். டீயில் நனைத்த பிஸ்கட்டை உணவென்று நினைக்காதீர்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளை சற்று மெலிவது இயற்கை; ஐந்தாறு வயது வரை அப்படித்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் அங்கன்வாடியில் எடை போட்டு, தாய் சேய் நல அட்டையின் வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். இறங்கினாலும் படுத்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாய்க்குச் சர்க்கரைப் பரிசோதனை அவசியம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 140க்குக் குறைவாக இருக்க வேண்டும். தாயின் சர்க்கரை பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது. அதனால்தான் சில பிள்ளைகள் நான்கு கிலோவோடு பிறக்கின்றன. அதைப் பெருமையாகப் பேசிக்கொள்ள வேண்டாம்.

திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டலுக்கு முழுமையாக இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுவதை நாம் எல்லோரும் அறிவோம். அதே வசனம் அந்தத் தாய்க்கு உணவும் உடையும் கொடுக்கும் பொறுப்பைத் தகப்பன் மீது வைத்திருப்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? பாலூட்டுகிறவள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அவள் உறங்க நேரம் வேண்டும். மாமியார் ஒரு வேளை சமையலை ஏற்றுக்கொண்டால் அது டின்னை விட மேலான உதவி.

ஆகவே, இன்ஷா அல்லாஹ், நமது பையில் பாலூட்டும் தாய்க்கென்று பாசிப்பயறு, நிலக்கடலை, பேரீச்சம்பழம், முட்டைக்கான தொகை ஆகியவை இருக்கும். உடல்நிலையால் பாலூட்ட முடியாத சகோதரிகள் உண்டு. அவர்களை யாரும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தால் மருத்துவ உதவி நிதியிலிருந்து அந்தச் செலவுக்கு வழி செய்வோம்.

இனி பிள்ளை பார்க்கப் போகும்போது எடையைக் கேட்காதீர்கள். "நீ சாப்பிட்டாயா அம்மா?" என்று பெற்றவளைக் கேளுங்கள்.

நம் பிள்ளைகளை ஸாலிஹானவர்களாகவும் ஆரோக்கியமானவர்களாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.