அம்மாவை எங்கே விடுவது?

(யூபிலி ஆண்டின் முதியோர் ஞாயிறன்று, பங்கு மண்டபத்தில் எங்கள் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2021-ஆம் ஆண்டில், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக ஏற்படுத்தினார். இந்நாளில் முதியோரைப் பாராட்டிச் சில வார்த்தைகள் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். பாராட்டுவது எளிது, மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நாங்கள் வீடு சந்திக்கப் போகிற இடங்களில், பேச்செல்லாம் முடிந்து செருப்பை மாட்டும் நேரத்தில், வாசற்படி வரை கூடவே வந்து தணிந்த குரலில் எங்களைக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நல்ல ஹோம் ஏதாச்சும் தெரியுமுங்களா?" என்பதே அது. அதைக் கேட்கிறவர் உள்ளே இருக்கும் பெரியவர் காதில் விழாதபடி கேட்கிறார். எனவே இன்று அதைப் பற்றியே, காதில் விழும்படி பேசிவிடுவது என்று தீர்மானித்தோம்.

நம் கொங்கு நாட்டில் பெற்றவரை இல்லத்தில் விடுவது என்றால் ஊரார் பேச்சுக்கு அஞ்சுகிறோம். சோறு போட வக்கில்லாதவன் என்பார்கள். ஆனால் நிலைமையையும் பார்க்க வேண்டும். மகன் பெங்களூரில், மகள் துபாயில். இங்கேயே இருக்கிற பிள்ளையோ இரண்டு அறை லைன் வீட்டில், கணவன் ஒரு ஷிப்ட், மனைவி ஒரு ஷிப்ட். தோட்டத்துச் சாளைகளில் கிழவனும் கிழவியும் மாத்திரம் இருக்கிறார்கள். பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் 2024 நவம்பரில் ஒரு முதிய தம்பதியும் அவர்களுடைய மகனும் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டதையும், அடுத்த ஆண்டே சிவகிரிப் பக்கத்தில் தனியாய் இருந்த மற்றொரு முதிய தம்பதிக்கு அதே கதி நேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. தனியே விடுவதுதான் பாசம், இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இதில் எங்கள் தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா. கணவர் மில்லில் முப்பது வருஷத்திற்கு மேல் வேலை பார்த்து இறந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்தபின் அந்த அம்மாவைத் தனியே வைத்திருக்க முடியாமல் போயிற்று. மகன் எங்களிடம் வந்தார். நாங்கள் இரண்டு பேர் அவருடன் போய் ஓர் இல்லத்தைப் பார்த்தோம். தோட்டம் அழகாக இருந்தது. குரோட்டன்ஸ் செடிகள், ஊஞ்சல், வாசலில் ஒரு கெபி. அலுவலக அறையில் காபி கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் முன்பணத்தைக் கட்டிவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு திரும்பினோம்.

நான்காம் மாதம் அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது எழுந்து நடக்க முடியவில்லை. நடக்க முடிந்தவர்களை மட்டுமே வைத்துக்கொள்வோம், இரண்டு நாளில் கூட்டிக்கொண்டு போங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு விதி இருப்பதை நாங்கள் கேட்கவே இல்லை. முன்பணம் எப்போது திரும்பும் என்பதையும் எழுதி வாங்கவில்லை. மகன் வீட்டின் முன்னறையில், மிதியடி போடும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் பதினோரு நாள் அந்த அம்மா படுத்திருந்தார். நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது இது: "எனக்குத் தோட்டம் எதுக்குங்க சாமி? ராத்திரியில கூப்புட்டா ஏன்னு ஒருத்தர் கேக்கோணும். அவ்வளவுதானுங்க."

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். துடியலூர்ப் பக்கம், வடவள்ளிப் பக்கம், சிறுவாணி சாலைப் பக்கம் என்று ஓர் ஆண்டில் ஒன்பது இல்லங்களைப் பார்த்தோம். கண்டதைச் சொல்கிறோம்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறையும், இரவு ஏழு மணிக்கு மேல் ஒருமுறையும் போங்கள். பகலில் பத்துப் பேர் ஓடியாடுகிற இடத்தில் இரவில் ஒரே ஒரு காவலாளி இருப்பதைக் கண்டோம். "இரவு இரண்டு மணிக்கு இங்கே விழித்திருப்பவர் யார்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். பெரியவர்களின் நகங்களைப் பாருங்கள். வெட்டப்பட்டிருக்கிறதா, உள்ளே அழுக்கு இருக்கிறதா? ஆளைக் கவனிக்கிறார்களா என்பதை அது சொல்லிவிடும். நாற்றத்தைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மூக்கு சொல்லும். ஆனால் பினாயில் வாசனை மட்டும் தூக்கலாக அடிக்கிற இடத்திலும் சற்று நின்று யோசியுங்கள்.

கழிப்பறைக்குள் நீங்களே போய்ப் பாருங்கள். உட்காருகிற கோப்பை இருக்கிறதா, சுவரில் பிடித்து எழக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் கவனியுங்கள். உட்பக்கம் திறக்கும் கதவானால், உள்ளே விழுந்தவருடைய உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே நிற்பவர் உதவ முடியாது. ஒன்பது இல்லங்களில் இரண்டில்தான் கதவு வெளிப்பக்கம் திறந்தது.

சாப்பாடு விஷயம் சிறியதல்ல. ஓர் இல்லத்தில் மாலை ஆறு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறார்கள். அடுத்த உணவு காலை எட்டரைக்கு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்கு இடையில் பதினான்கரை மணி நேரப் பட்டினி என்றால், சர்க்கரை அளவு இறங்கி மயங்கி விழ நேரிடும். படுக்கும்முன் ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட் உண்டா என்று கேளுங்கள். இன்னொன்று: அறுபது எழுபது வருஷம் அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளுப்பருப்பும் ராகிக்களியும் சாப்பிட்டவருக்கு, நாள் தவறாமல் ரவைக் கிச்சடி போட்டால் அவர் சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்வார். பிள்ளைகளிடம் சொல்லமாட்டார். எடை குறைந்தபிறகுதான் நமக்குத் தெரியும்.

ஞாபக மறதி நோய் உள்ளவரானால் கேள்வி வேறு. எழுந்து நடமாடுகிறவரைக் கட்டிப்போடுவார்களா, அறையில் பூட்டுவார்களா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். இடம் மாறினால் அவர்களுக்குக் குழப்பம் அதிகமாகும். பழைய கம்பளி, தண்ணீர் குடித்த பித்தளைச் சொம்பு, ஜெபமாலை, கல்யாணப் போட்டோ இவற்றைக் கூடவே அனுப்புங்கள். புதிதாக வாங்கிக் கொடுப்பதைவிட இவை உதவும்.

இனிப் பணம். கோயமுத்தூரை ஓய்வுக்கால வீடுகளின் ஊர் என்று வெளியூரார் சொல்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், சிறுவாணித் தண்ணீரும், பெரிய மருத்துவமனைகளும் அதற்குக் காரணம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கென்று, வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு சமையல், மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு மாதந்தோறும் கட்டணம் கட்டும் குடியிருப்புகள் இருபது வருஷமாக இங்கே பெருகிவந்திருக்கின்றன. வசதியுள்ளவர்களுக்கு நல்லதே. ஆனால் வீடு நம்முடையதானாலும் சேவை நம்முடையதல்ல. மாதக் கட்டணம் ஏறும், சேவை செய்யும் நிறுவனம் மாறவும் கூடும். மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதலில், கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் செய்யவேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அது வழிகாட்டுதலே. நாம் கேட்டால்தான் அந்தக் காகிதம் வரும்.

நம் பங்கில் பெரும்பாலோருக்கு அந்தப் பேச்சே எட்டாத தூரம். மில் தொழிலாளியின் ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த இல்லத்தின் வாசலை மிதிப்பது? இவர்களுக்குக் கன்னியர்களும் தர்ம ஸ்தாபனங்களும் நடத்தும் இலவச இல்லங்களே கதி. அங்கே இடம் கிடைப்பது கடினம். விழுந்தபிறகு ஓடாமல், நடமாட்டம் இருக்கும்போதே பெயர் எழுதி வையுங்கள். முன்பணம் கேட்கும் இல்லமானால் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா, மருத்துவமனைச் செலவு யாருடையது, நடுவில் வந்துவிட்டால் எவ்வளவு திரும்பும், இறந்தபின் மீதி யார் கைக்கு. ஒரு மாதம் தங்கிப் பார்க்க விடுகிறார்களா என்றும் கேளுங்கள். ஏ.டி.எம். அட்டையைப் பெரியவர் கையிலேயே இருக்கவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. மகனோ மகளோ கவனிக்கவில்லையென்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. அச்சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சத்துக்கு உத்தரவிட இடமிருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, படிப்படியாக அமைக்கலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. "அமைக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டை எழுதிக் கொடுப்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். "வீட்டை என் பேருக்கு மாத்திக் குடுத்துருங்கம்மா, ஹோம் பணம் நானே கட்டிக்கிறேன்" என்று மகன் சொல்வான். தாய் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறலாம். நிபந்தனை இருந்ததைக் காட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே இச்சட்டத்தைப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொன்னது. வழக்கு மன்றம் வரை போவானேன்? செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே அந்த நிபந்தனையை எழுதிவிடுங்கள். எழுதாமலே இருந்தால் இன்னும் நல்லது.

முதியோர் இல்லம் என்பதே மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் எங்களிடம் வாதாடினார்கள். அப்படி இல்லம் நடத்தும் ஒரு சபையின் ஆரம்பத்தைப் பாருங்கள். பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் செயின்ட் செர்வான் என்ற ஊரில், வீட்டுவேலை செய்து பிழைத்த ஜான் ஜூகன் என்ற பெண், 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கண் பார்வையற்று, பாதி உடம்பு செயலற்றுக் கிடந்த ஒரு மூதாட்டியைத் தம் வாடகை அறைக்குத் தூக்கிவந்து தம் கட்டிலைக் கொடுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித்தான் பிறந்தது. 1882-இல் அவர்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். சென்னைச் சேத்துப்பட்டிலும் அவர்கள் இல்லம் இருக்கிறது. ஆனால் அந்த அம்மையாரே தம் கடைசி 27 ஆண்டுகளைச் சபையில் எந்தப் பொறுப்பும் இல்லாமல் கழித்தார். சபையை நிறுவியவர் இவரே என்பது உடனிருந்த இளம் துறவியர் பலருக்குத் தெரியாது. 1879-இல் இறந்தார். 2009-இல்தான் புனிதர் பட்டம் கிடைத்தது. இல்லத்தில் ஒருவரைச் சேர்த்துவிட்டு மறந்துபோவது புனிதர்களுக்கும் நேர்ந்திருக்கிறது என்று எங்களில் ஒருவர் சொன்னார்.

கடைசியாக, இந்த ஒன்பது இல்லங்களில் நாங்கள் எல்லோரிடமும் கேட்ட ஒரு கேள்வி: "இங்கே வருவதற்கு முன் உங்களைக் கேட்டார்களா?" பெரும்பாலோர் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிக் கூட்டிவந்தார்கள் என்றார் ஒரு பெரியவர். நாங்கள் பேச்சை மாற்றிவிட்டோம். பார்க்கப் போகும்போது பெரியவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று இடங்களைக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். பிள்ளைகள் வந்துபோக பஸ் வசதி இல்லை என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். பூசைக்குப் போக முடியுமா, சாமியார் நற்கருணை கொண்டுவருவாரா என்பதும் இருக்கும்.

முன்பு சொன்ன அந்த அம்மா இப்போது கன்னியர்கள் நடத்தும் ஓர் இல்லத்தில், ஆறு கட்டில்கள் உள்ள கூடத்தில் இருக்கிறார். தோட்டமில்லை, ஊஞ்சலில்லை. இரவு கூப்பிட்டால் ஒரு சகோதரி வருகிறார். மகன் ஞாயிறுதோறும் போகிறார்; போகாத வாரத்தில் நாங்கள் போகிறோம்.

அந்த நோட்டுப் புத்தகம் பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் எங்களில் ஒருவர் அங்கே இருப்போம். வரும் மாதம் பத்தாவது இல்லத்தைப் பார்க்கப் போகிறோம். வேனில் நான்கு பேருக்கு இடமிருக்கிறது. வீட்டுப் பெரியவரோடு வருகிறவர்களுக்கே அந்த இடம்.