நண்டுக்கும் உண்டு கிளை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "என்ன வேணாலும் பேசுப்பா, கம்ப்ரஸரைப் பற்றி மட்டும் பேசாதே" என்றார். இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, பிறகு என்ஜினியரிங் போனவன் நான். மீனையும் நண்டையும் உறைய வைக்கும் கூடங்களுக்குக் குளிர்பதன இயந்திரம் பொருத்துவது என் பிழைப்பு. கம்ப்ரஸரை விட்டால் எனக்குத் தெரிந்தது அந்தக் கூடத்துக்குள் வருகிற சரக்குதான். ஆகவே நண்டைப் பற்றிப் பேசுகிறேன். விலங்கியல் துறை ஐயாக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உறைய வைத்த மீன், இறால், நண்டு ஐரோப்பாவில் விற்பனைக்குப் போனால், வியாபாரப் பெயரோடு விஞ்ஞானப் பெயரையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் போட்ட விதி அது. நம்ம தொண்டியிலும் பாம்பனிலும் நண்டு வலையில் ஏறுகிற நீலக்கால் நண்டுக்கு நெடுங்காலமாக எழுதி வருகிற விஞ்ஞானப் பெயர் போர்ட்டூனஸ் பெலாஜிக்கஸ். 1758இல் லின்னேயஸ் வைத்த 'பெலாஜிக்கஸ்' என்ற பெயர். ஓட்டின் இருபக்கமும் ஒன்பது ஒன்பது பற்கள், கடைசிப் பல் மட்டும் முள் மாதிரி நீளம், பின்னங்கால் துடுப்பு. இந்த அடையாளம் இருந்தால் ஆப்பிரிக்காவில் பிடித்தாலும் ஆஸ்திரேலியாவில் பிடித்தாலும் ஒரே பெயர்தான்.

2010இல் ஜோயெல் லாய், பீட்டர் இங், பீட்டர் டேவி என்ற மூன்று ஆய்வாளர்கள், "இது ஒரு நண்டு இல்லை, நான்கு" என்று எழுதினார்கள். பாகிஸ்தானிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை ஒன்று, தென்கிழக்கு ஆசியாவிலும் கிழக்கு ஆசியாவிலும் ஒன்று, ஆஸ்திரேலியாவைச் சுற்றி ஒன்று, வங்காள விரிகுடாப் பக்கம் ஒன்று. பெலாஜிக்கஸ் என்ற பழைய பெயர் தென்கிழக்கு ஆசிய நண்டோடு போய்விட்டது. நம்ம பக்கத்து நண்டுக்கு ரெட்டிகுலாட்டஸ் என்று பெயர். ஹெர்ப்ஸ்ட் என்பவர் 1799லேயே வைத்த பெயர்தான். இருநூறு வருஷத்துக்கு மேல் தூங்கிக் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

நண்டு மாறவில்லை, பெயர் மாறிவிட்டது. எதை வைத்து மாற்றினார்கள்? என்ஜினியர் புத்திக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது, தங்களுக்குள் கூடி இனம் பெருக்குவது ஓர் இனம், மற்றதோடு கலக்காதது வேறு இனம் என்பது. எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் அழுத்தமாகச் சொன்ன இலக்கணம். நாட்டுக்கோழிக்கும் வாத்துக்கும் இது சரி. ஆனால் தொண்டி நண்டும் ஆஸ்திரேலிய நண்டும் சந்திப்பதே இல்லையே, கலக்குமா கலக்காதா என்று யார் போய்ப் பார்ப்பது? சரி, உருவத்தை வைத்துப் பிரிக்கலாமென்றால், இந்த நண்டிலேயே ஆண் நீலமாக இருக்கும், பெண் பச்சையும் பழுப்புமாக இருக்கும். விவரம் தெரியாதவன் இரண்டு இனம் என்பான். ஏலக்கூடத்தில் நிற்கிற சின்னப் பையன்கூட அவனைப் பார்த்துச் சிரிப்பான்.

அதனால் வம்சாவளியைப் பார்க்கிறார்கள். ஜோயெல் க்ராக்ராஃப்ட் 1983இல் சொன்னதை என் பாஷையில் சொன்னால், ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்து, தனி அடையாளம் காட்டுகிற மிகச்சிறிய பங்காளிக் கூட்டம் ஓர் இனம். நம்ம மாவட்டத்தில் சில சமூகங்களில் 'கிளை' என்பது அம்மா வழியில் இறங்குகிறது, கேட்டிருப்பீர்கள். பிள்ளைக்கு அப்பன் கிளை கிடையாது, ஆத்தாள் கிளைதான். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வும் அப்படியே, தாயிடமிருந்து வருவது. அதில் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை எடுத்து, நண்டுக்கு நண்டு எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணி, யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று மரம் வரைகிறார்கள்.

எப்படிப் பிரிந்தன? ஒரு காரணம் நம்ம வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். சுமார் 20,000 வருஷத்துக்கு முன் பனி யுகத்தில் கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்றைக்குப் பாம்பன் பாலம் நிற்கிற இடம் அன்றைக்குத் தரை, இலங்கைக்கு நடந்தே போகலாம். மலேசியாவுக்கும் போர்னியோவுக்கும் நடுவிலும் அப்படித்தான், பெரிய நிலப்பரப்பு வெளியே வந்தது. கடல் இப்படி வற்றுவதும் ஏறுவதும் பல லட்சம் வருஷங்களில் பல தடவை நடந்திருக்கிறது. வேலி போட்டால் பங்காளிகள் பிரியத்தானே செய்வார்கள்!

ஆனால் கிளையை மட்டும் கேட்டால் அப்பன் வழி தெரியாது. இரண்டு கூட்டம் எப்போதோ சம்பந்தம் செய்திருந்தால் தாய்வழி டி.என்.ஏ. அதைக் காட்டாமலே போகலாம். அதனால்தான் அந்த மூவரும் ஓடு, நிறம், அளவு, வாழிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெலாஜிக்கஸுக்கும் ரெட்டிகுலாட்டஸுக்கும் உள்ள வித்தியாசம் நுட்பமானது, எப்போதும் நம்ப முடியாது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த இடமே அதுதான். நம்ம நாட்டு அறிக்கைகள் பலவற்றில் அதற்குப் பிறகும் பழைய பெயர்தான் ஓடுகிறது.

"பெயரில் என்னப்பா இருக்கு, ருசி ஒண்ணுதானே?" என்று பின்வரிசையில் ஒரு நண்பர் கேட்கிறார். இருக்கிறது. எத்தனை சென்டிமீட்டரில் நண்டு சினைப்படும், எவ்வளவு சின்ன நண்டைப் பிடிக்காமல் விட வேண்டும் என்ற கணக்குக்கு முன்னாலிருக்கிற ஆராய்ச்சிகளைப் புரட்டுகிறோம். பெலாஜிக்கஸ் என்ற பெயரில் வந்ததில் கணிசமான பங்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. இப்போதைய கணக்குப்படி அது ஆர்மாட்டஸ் என்ற வேறு நண்டு. பக்கத்து வீட்டுப் பையன் ஜாதகத்தை வைத்து நம் பிள்ளைக்கு முகூர்த்தம் குறிக்கிற கதை!

சேற்று நண்டிலும் இதே கூத்து. 1998இல் கீனன், டேவி, மான் மூவரும் அதை நான்கு இனமாகப் பிரித்தார்கள். இங்கே பெரிய சாதியை ட்ராங்க்விபாரிக்கா என்றும், சின்னதை செர்ராட்டா என்றும் எழுதி வந்தோம். நம்ம தரங்கம்பாடியின் பெயர்தான் அந்த ட்ராங்க்விபாரிக்கா. டி.என்.ஏ. பார்த்ததில் பெரியதுதான் செர்ராட்டா, சின்னது ஒலிவேசியா என்று வந்தது. பெயரை நம்பிக் குஞ்சு வாங்கிப் பண்ணையில் விடுகிறவருக்கு இது எடையில் தெரியும், பணத்திலும் தெரியும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சட்ட விஷயம். முன்பக்கம் திருக்கை, பின்பக்கம் சுறா மாதிரி ஒரு மீன் உண்டு. கிட்டார் மீன் என்பார்கள். துடுப்புக்கு நல்ல விலை, அதனாலேயே அழிகிறது. 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ரின்கோபேட்டஸ் ஜிட்டென்சிஸ் என்ற பெயரைச் சேர்த்தார்கள். ஜெத்தா நகரத்தை வைத்து ஃபோர்ஸ்கால் 1775இல் இட்ட பெயர். பின்னால் வம்சாவளி ஆராய்ந்தபோது, அந்த மீன் செங்கடலிலும் ஆப்பிரிக்கக் கரையோரமும் உள்ளது, நம்ம கடலில் பிடிபடுவது ஆஸ்திரேலியே, லேவிஸ் என்ற வேறு இரண்டு என்று தெளிவாயிற்று. சட்டத்தின் குடை ஒரு பெயர் மேல், மழை வேறு மீன் மேல்! 2022 திருத்தச் சட்டத்தில் அட்டவணைகளையே புதிதாக எழுதினார்கள். நடுவில் இருபது வருஷம் போய்விட்டது.

இனி ஒரு வேண்டுகோள். தொண்டிப் பக்கம் பாக் நீரிணை, கீழக்கரைப் பக்கம் மன்னார் வளைகுடா. பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இரண்டு கடல் உள்ள கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? விலங்கியல் தம்பி தங்கைகள் இரண்டு பக்கமும் நண்டு வாங்கி, தேதியும் இடமும் எழுதி, காலில் ஒரு துண்டு சாராயத்தில் போட்டு வைக்கட்டும். டி.என்.ஏ. பார்க்கிற செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. பொருளாளரிடம் இப்போதுதான் பேசிவிட்டு வந்தேன். மீதி நண்டைக் குழம்பு வைத்துக்கொள்ளலாம், அதற்கு ரசீது கேட்க மாட்டோம்.