பைப்லைனை ஓட்டுறதுக்கு முன்னாடி நிறுத்தக் கத்துக்கோங்க

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்ல, நான் மட்டும்தான். டேட்டா வேர்ஹவுஸ் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "அதெல்லாம் சரி, எங்க ஆப்போட டேட்டாபேஸ்ல இருந்து அங்க டேட்டாவை எப்படிக் கொண்டு போறது? க்ளவுட்ல அதை எப்படி செட்டப் பண்றது?" அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல ஒரு கதை. என் கதைதான், தப்பும் என்னோடதுதான்.

சில வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஆர்டர் எடுக்கிற ஒரு சின்ன கம்பெனில வேலை பார்த்தேன். ஆர்டர் எல்லாம் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல இருந்தது. அது அமேசான் க்ளவுட்ல, ஆர்டிஎஸ்ங்கிற சர்வீஸ்ல ஓடுது. ஒரு வாரம் ஒரு டேட்டா இன்டகிரேஷன் டூலை டிரையல் பார்த்தோம். டெஸ்ட் டேட்டாபேஸ்ல பார்த்திருக்கணும். அவசரத்துல நேரா ப்ரொடக்‌ஷன்லயே கனெக்ட் பண்ணிட்டோம். வேலையும் நல்லாவே செஞ்சுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 7 மணி இருக்கும், வீட்டுக்குக் கிளம்பும்போது, "ரெண்டு நாள் சும்மா ஓடுறதுக்கு எதுக்கு வாடகை"ன்னு அந்த டூல் ஓடின சர்வரை நிறுத்திட்டுப் போயிட்டேன். பணத்தை மிச்சம் பிடிச்ச சந்தோஷம் வேற.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உக்காந்தப்போ ஃபோன். சப்போர்ட் டீம்ல இருந்து ஒரு தம்பி. "அண்ணா, அரை மணி நேரமா ஒரு ஆர்டர் கூட விழலைண்ணா." லேப்டாப்பைத் திறந்து பார்த்தா டேட்டாபேஸோட டிஸ்க் முழுசா நிரம்பி, அது எழுதுறதையே நிறுத்திடுச்சு. வெள்ளிக்கிழமை 40 ஜிபி காலியா இருந்த டிஸ்க் அது.

நிறுத்தின ஒரு சர்வர், ஓடிக்கிட்டிருக்கிற இன்னொரு டேட்டாபேஸை எப்படி முடக்கும்? இது புரிஞ்சா, இந்த செட்டப்ல எதெல்லாம் முக்கியம்னு தானாவே புரிஞ்சிடும்.

நாள்வழியும் பேரேடும்

பழைய கடைகள்ல ரெண்டு கணக்கு நோட்டு இருக்கும். நடந்தது நடந்த வரிசையில எழுதுறது நாள்வழி. அதை ஆள்வாரியா, பொருள்வாரியா பிரிச்சு வைக்கிறது பேரேடு. போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். டேபிள் எல்லாம் பேரேடு. எந்த மாற்றம் வந்தாலும் முதல்ல ரைட் அஹெட் லாக்னு ஒரு நாள்வழியில எழுதும். சுருக்கமா அதை "வால்"னு சொல்லுவாங்க. தமிழ்லயும் வால்னே வச்சுக்கலாம், கவனிக்கலைன்னா நீண்டுக்கிட்டே போகும்.

டேட்டாவை வெளியில கொண்டு போக ரெண்டு வழி. ஒண்ணு, மணிக்கு ஒரு தடவை பேரேட்டைப் புரட்டி, "கடைசியா மாறின நேரம்" பார்த்து, புதுசா மாறினதை மட்டும் எடுக்கிறது. இதுக்குப் பேர் பேட்ச். இன்னொண்ணு, நாள்வழியையே பக்கத்துல உக்காந்து படிக்கிறது. இதுக்குப் பேர் சேஞ்ச் டேட்டா கேப்ச்சர், சுருக்கமா சிடிசி.

சிடிசி பண்ணும்போது போஸ்ட்கிரெஸ்ல ரெப்ளிகேஷன் ஸ்லாட்னு ஒண்ணு உருவாகும். அது ஒரு புக்மார்க் மாதிரி. "இந்தப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டேன், மீதியைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க"ன்னு டேட்டாபேஸ்கிட்ட சொல்லி வைக்கிறது. டேட்டாபேஸும் சொன்ன சொல் தவறாது. படிக்கிறவர் திரும்ப வர்ற வரைக்கும் ஒரு பக்கத்தைக் கூடக் கிழிக்காது. படிக்கிறவர் போனது போனதுதான், இனிமே வரவே மாட்டார்னு அதுக்குத் தெரிய வழியே இல்ல.

நான் சர்வரை நிறுத்தினேன், ஆனா ஸ்லாட்டை அழிக்கலை. கணக்குப் போட்டுப் பாருங்க. ஆர்டிஎஸ்ல ஒரு வால் ஃபைல் 64 எம்பி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை புது ஃபைலுக்கு மாறும். ஒரு ஆர்டர் கூட வராட்டியும் ஆர்டிஎஸ் தன்னோட பராமரிப்புக்காக உள்ளுக்குள்ள ஏதாவது எழுதிக்கிட்டே இருக்கும். மணிக்கு 12 ஃபைல்னா 768 எம்பி. ஒரு நாளைக்கு 18 ஜிபி. வெள்ளி ராத்திரி 7 மணியில இருந்து ஞாயிறு மதியம் 1 மணி வரைக்கும் 42 மணி நேரம். சும்மா இருந்தாலே 32 ஜிபி. மேல நம்ம ஆர்டர் டிராஃபிக். 40 ஜிபி எங்க போச்சுன்னு இப்போ புரியுதா?

அன்னைக்கு ஸ்டோரேஜைக் கூட்டி, டேட்டாபேஸ் எழுந்ததும் ஸ்லாட்டை டிராப் பண்ணி, சரியாக ரெண்டு மணி நேரம் ஆச்சு. கூட்டின ஸ்டோரேஜை அப்படியே நேரடியா குறைக்கவும் முடியாது. சர்வர் வாடகையில மிச்சம் பிடிச்ச காசை விடப் பல மடங்கு ஒவ்வொரு மாசமும் கட்டினோம்.

முதல் கேள்வி: எவ்வளவு சீக்கிரம் வேணும்?

இப்போ செட்டப்புக்கு வருவோம். டூல் எதுன்னு தேடுறதுக்கு முன்னாடி, ரிப்போர்ட்டைப் பார்க்கிறவங்ககிட்ட போய் உக்காருங்க. "இதை எப்போ பார்ப்பீங்க?" மட்டும் கேளுங்க. "காலைல பத்து மணி மீட்டிங்ல"ன்னு சொன்னா உங்களுக்கு சிடிசி வேண்டாம். ராத்திரி ஒரு தடவை பேட்ச் ஓட்டினா போதும். ஸ்லாட்டும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஃபோனும் கிடையாது.

பேட்ச்ல ஒரு ஓட்டை இருக்கு. டேபிள்ல இருந்து ஒரு வரியை அழிச்சுட்டா, "கடைசியா மாறின நேரம்" பார்க்கிற முறைக்கு அது தெரியவே தெரியாது. அழிஞ்ச ஆர்டர் வேர்ஹவுஸ்ல உயிரோட இருக்கும். உங்க ஆப் நிஜமாவே வரிகளை அழிக்குதா, இல்ல "கேன்சல்"னு குறி மட்டும் போடுதான்னு பேக்எண்ட் டீம்கிட்ட கேட்டுக்கோங்க. அழிக்கிறது நிறைய இருந்தாலோ, நிமிஷக் கணக்குல டேட்டா வேணும்னாலோ சிடிசிக்குப் போங்க.

எங்க ஓட வைக்கிறது?

ரெண்டு வகை இருக்கு. ஃபைவ்ட்ரான் மாதிரி எல்லாத்தையும் அவங்களே பார்த்துக்கிற சர்வீஸ், எவ்வளவு டேட்டா போகுதோ அதுக்கேத்த பில். இல்லைன்னா ஏர்பைட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் டூலை நம்ம க்ளவுட் அக்கவுன்ட்லயே நிறுவுறது. ஒரு சர்வர்ல ஏர்பைட் நிறுவ 4 சிபியு, 8 ஜிபி ரேம் வேணும்னு அவங்களே சொல்றாங்க. ஃப்ரீ டயர்ல கிடைக்கிற குட்டி மெஷின்ல போட்டுட்டு "ஹேங் ஆகுது"ன்னு திட்டாதீங்க.

நாமே நிறுவுறதா இருந்தா நாலு விஷயம்.

முதலாவது, டேட்டாபேஸ் எந்த ரீஜன்ல இருக்கோ அதே ரீஜன். டேட்டாபேஸ் மும்பைல, டூல் அமெரிக்காவுலன்னா ஒவ்வொரு ஜிபியும் ரீஜன் தாண்டுறதுக்குக் காசு.

ரெண்டாவது, டேட்டாபேஸோட 5432 போர்ட்டை உலகத்துக்கே திறந்து விடாதீங்க. "கனெக்ட் ஆகலை, இப்போதைக்கு ஓப்பன் பண்ணிக்கிறேன்"னு ஆரம்பிக்கிற "இப்போதைக்கு" ஒரு வருஷம் அப்படியே கிடக்கும். டூல் ஓடுற சர்வரோட செக்யூரிட்டி குரூப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்க. டூலோட வெப் பக்கத்துக்கும் இதேதான். டேட்டாபேஸ் சாவி அதுக்குள்ளதான் இருக்கு, அதைத் திறந்து போட்டா வீட்டுச் சாவியை வாசல்ல தொங்க விட்ட மாதிரி.

மூணாவது, நாட் கேட்வே. பிரைவேட் சப்நெட்ல இருக்கிற சர்வர் வெளியில பேச இது வேணும். மணிக்கும் காசு, அது வழியா போற ஒவ்வொரு ஜிபிக்கும் காசு. நீங்க டேட்டாவை எஸ்3-லதான் கொண்டு போய் வைக்கிறீங்கன்னா, எஸ்3-க்கு கேட்வே எண்ட்பாயின்ட்னு ஒண்ணு இருக்கு, இலவசம். அதை ஆன் பண்ணாம, முதல் மாச பில்லைப் பார்த்து முழிச்சவங்க நிறைய பேர்.

நாலாவது, தனி யூசர். அட்மின் பாஸ்வேர்டை டூலுக்குக் கொடுக்காதீங்க. படிக்க மட்டும் உரிமை உள்ள யூசர் ஒண்ணு. சிடிசின்னா அதோட ரெப்ளிகேஷன் உரிமை. பாஸ்வேர்டு சீக்ரெட்ஸ் மேனேஜர்ல இருக்கட்டும், ஸ்லாக் சாட்ல வேண்டாம்.

இங்கயே இன்னொண்ணு. எல்லா டேபிளையும் அனுப்பணும்னு அவசியம் இல்ல. எது போகணும்னு போஸ்ட்கிரெஸ்ல பப்ளிகேஷன்னு ஒரு பட்டியல் போடுவோம். 15-ஆம் வெர்ஷன்ல இருந்து, ஒரு டேபிள்ல எந்தெந்தக் காலம் போகணும்னும் சொல்லலாம். விற்பனை ரிப்போர்ட்டுக்கு வாடிக்கையாளரோட ஃபோன் நம்பர் எதுக்கு? வேர்ஹவுஸுக்குப் போகாத நம்பர் அங்க இருந்து கசியவும் கசியாது. நம்ம ஊர்ல 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. "தேவைப்படலாம்"னு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போற பழக்கத்தை இப்பவே விட்டுடுங்க.

ஆன் பண்ற அன்னைக்கு

ஆர்டிஎஸ்ல லாஜிக்கல் ரெப்ளிகேஷனை ஆன் பண்ணா டேட்டாபேஸை ரீபூட் பண்ணணும். இது தெரியாம மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிச்சு, பாதியில மாட்டிக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன். டிராஃபிக் குறைஞ்ச நேரமா பார்த்து, எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிட்டுப் பண்ணுங்க. முதல் தடவை பழைய டேட்டா மொத்தமும் போகும், டேட்டாபேஸுக்கு அதுவே பெரிய சுமை. பெரிய டேபிள்களை ஒரே ராத்திரியில அனுப்பாம ஒவ்வொண்ணா அனுப்புங்க.

போய்ச் சேர்ந்ததும் பச்சை டிக்கைப் பார்த்து நம்பிடாதீங்க. ஒரு நாளை எடுத்துக்கோங்க. அந்த நாளோட ஆர்டர் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ரெண்டு பக்கமும் ஒப்பிடுங்க. பெரும்பாலும் முதல் தடவை ஒத்துப் போகாது. காரணம் பல நேரம் நேரக் கணக்கு. பல வேர்ஹவுஸ் யுடிசி நேரத்துல நாளைப் பிரிக்கும். நம்ம நேரம் அதை விட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. ராத்திரி 12 மணியில இருந்து விடிகாலை 5.30 வரைக்கும் வந்த ஆர்டர் எல்லாம் முந்தின நாள் கணக்குல போய் உக்காந்துக்கும். நள்ளிரவுல ஆஃபர் திறக்கிற கம்பெனில இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு நீங்களே யோசிங்க.

நிறுத்துற அன்னைக்கு

இப்போ நம்ம கதைக்குத் திரும்பலாம். எனக்கு அன்னைக்கு மூணு விஷயம் இருந்திருந்தா அந்த ஃபோன் வந்திருக்காது.

ஒண்ணு, அலாரம். காலி இடம் எவ்வளவு, ஸ்லாட் எவ்வளவு பின்தங்கியிருக்கு, ரெண்டையும் க்ளவுட்வாட்ச் காட்டும். ரெண்டுக்கும் அலாரம் வைங்க. அது உங்க ஃபோனை எழுப்பணும், யாரும் திறக்காத மெயில் பெட்டிக்குப் போகக்கூடாது.

ரெண்டு, உச்சவரம்பு. போஸ்ட்கிரெஸ் 13-ல இருந்து, ஒரு ஸ்லாட்டுக்காக அதிகபட்சம் எவ்வளவு வால் சேர்த்து வைக்கலாம்னு ஒரு செட்டிங் இருக்கு. பேரு மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ். நீங்களா மாத்தலைன்னா வரம்பே கிடையாது. வரம்பு வச்சு, அதைத் தாண்டினா டேட்டாபேஸ் அந்த ஸ்லாட்டைக் கைவிட்டுடும். அப்போ பைப்லைன் உடையும், முதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்ப அனுப்பணும். ஆனா ஆர்டர் நிக்காது. ரிப்போர்ட் ஒரு நாள் லேட்டானா மன்னிப்பு கேட்டுக்கலாம். கடை மூடிக் கிடந்தா கேக்க ஆளே இருக்காது. ரெண்டுல எது முதல்ல சாகணும்னு முன்கூட்டியே முடிவு பண்றதுதான் இந்த செட்டிங்.

மூணு, நிறுத்துறதுக்கு ஒரு குறிப்பு. ஒரு பக்கம் போதும். முதல்ல டூல்ல அந்த கனெக்‌ஷனை நிறுத்து, அப்புறம் ஸ்லாட்டை டிராப் பண்ணு, பப்ளிகேஷனை எடு, யூசரை நீக்கு, கடைசியாத்தான் சர்வரை நிறுத்து. இதை டூலை நிறுவுற அன்னைக்கே எழுதி, டெஸ்ட் டேபிள்ல ஒரு தடவை செஞ்சும் பாருங்க. நிறுவுற அன்னைக்கு எல்லாமே ஞாபகத்துல இருக்கும். ஆறு மாசம் கழிச்சு, நீங்க வேற கம்பெனிக்குப் போனப்புறம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த சர்வரை நிறுத்தப் போறது வேற யாரோ ஒருத்தர். அவருக்கு ஸ்லாட்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

இதைக் கேக்கிறவங்கள்ல யாராவது ஏற்கெனவே சிடிசி ஓட்டிட்டிருந்தா, இன்னைக்கு ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க டேட்டாபேஸ்ல ரெப்ளிகேஷன் ஸ்லாட் பட்டியலைத் திறந்து, "ஆக்டிவ்"ங்கிற காலத்தைப் பாருங்க. அதுல "இல்லை"ன்னு ஏதாவது ஸ்லாட் இருந்தா, அது யாரோடதுன்னு விசாரிங்க. சொந்தக்காரர் யாருன்னு உறுதியா தெரியாம டிராப் பண்ணிடாதீங்க. ஆனா திங்கட்கிழமை பார்த்துக்கலாம்னு தள்ளியும் போடாதீங்க.

அந்தத் தம்பி இன்னைக்கும் எனக்கு எப்போவாவது மெசேஜ் பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் பேரு ஸ்க்ரீன்ல வந்தா, இப்பவும் ஒரு நிமிஷம் வயித்தைக் கலக்கும். உங்க டீம்ல இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா எழுதி அனுப்புங்க, கம்பெனி பேரு வேண்டாம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.