அரைச் சதத்துக்கு ஒரு தேர்தல்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையிலே, சன் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, மெண்டசீனோ என்றொரு நாட்டுப்புற மாவட்டம் உண்டு. இத்தகைய மாவட்டத்தை அந்நாட்டார் 'கவுண்டி' என்பர். ஒரு புறம் பசிபிக் சமுத்திரம். அதனை அடுத்து 'ரெட்வுட்' எனப்படும் நெடுமரக் காடுகள். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலே முந்திரிகைத் தோட்டங்கள். ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு சதுர மைல் பரப்பிலே, 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, தொண்ணூற்றோராயிரத்துச் சொச்சம் மக்களே வாழ்ந்தனர். யூக்கையா என்னும் சிறு நகரிலிருந்து ஐந்து உறுப்பினர் கொண்ட மேற்பார்வைச் சபை இம்மாவட்டத்தை ஆள்கின்றது.

ஆள்கின்றது என்பது முழு உண்மையன்று. கலிபோர்னியாவிலே தேர்தல் நாளன்று வாக்காளன் ஆட்களை மாத்திரம் தெரிவு செய்வதில்லை, கேள்விகளுக்கும் விடையளிக்கின்றான். மாவட்டக் கேள்விகளுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளே பெயர். வாக்குச் சீட்டிலே கேள்வி எழுபத்தைந்து சொற்களைத் தாண்டலாகாது. மாவட்டத்தின் சட்ட ஆலோசகர் நடுநிலையான விளக்கம் ஒன்று எழுதுவார், சார்பானவர் முந்நூறு சொற்களுக்குள் தம் வாதத்தை எழுதுவர், எதிரானவரும் அவ்வாறே. இவையெல்லாம் அச்சாகி வாக்காளர் வீட்டுக்குத் தபாலிலே வரும். சமையலறை மேசையிலே அப்புத்தகத்தை விரித்துவைத்துக் கொண்டு வரிக் கணக்குப் பார்ப்பது அந்நாட்டுக் குடும்பங்களின் வழக்கங்களுள் ஒன்று. மெண்டசீனோ மக்கள் இவ்வதிகாரத்தை அச்சமின்றிக் கையாள்பவர். மரபணு மாற்றிய பயிர்களைத் தம் மண்ணிலே வளர்க்கலாகாது என்று 2004ஆம் ஆண்டிலே வாக்களித்து, அவ்வாறு தடைசெய்த முதல் அமெரிக்க மாவட்டம் என்ற பெயரை ஈட்டினர்.

வரி விஷயத்திலே மக்களைக் கேட்கும் கட்டாயம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1970ஆம் ஆண்டுகளிலே கலிபோர்னியாவில் வீடு நிலங்களின் விலை விரைந்து ஏறியது. அதனோடு சோலைவரியும் ஏறியது. வருமானம் ஏறாத முதியோர், தாம் வாழ்ந்த வீட்டுக்கே வரி கட்ட வகையின்றித் தவித்தனர். ஹவார்ட் ஜார்விஸ், போல் கான் என்னும் இருவர் முன்வைத்த 13ஆம் பிரேரணை 1978ஆம் ஆண்டு யூன் மாதத்திலே பெருவெற்றி பெற்றது. அதன்படி, ஆதனத்தின் மீதான பொது வரி அதன் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டலாகாது. கைமாறாத வரையில் அம்மதிப்பும் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உயரலாகாது. முதியோர் மூச்சு விட்டனர். ஆனால் பாதையும் வைத்தியமும் தீயணைப்பும் நடத்த வேண்டிய நாட்டுப்புற மாவட்டங்களின் கை கட்டப்பட்டது. அவற்றுக்கு எஞ்சிய வழிகளுள் முக்கியமானது விற்பனை வரி. அதனைக் கூட்டுவதற்கும் மக்களிடமே போக வேண்டும்.

இங்கேதான் சட்டத்தின் விசித்திரம் ஒன்று வருகின்றது. 1996ஆம் ஆண்டிலே நிறைவேறிய 218ஆம் பிரேரணை, இவ்விதியை மாநிலத்தின் அரசியலமைப்பிலே இறுக்கிக் கட்டியது. வரிப்பணம் பொதுத் திறைசேரிக்குப் போய் எதற்கும் செலவாகலாம் என்றால், சாதாரணப் பெரும்பான்மை போதும். இன்ன காரியத்துக்கே செலவு செய்வோம் என்று சபை உறுதி கூறினால், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். செலவை வெளிப்படையாகச் சொன்னவனுக்குப் பாரம் அதிகம், சொல்லாதவனுக்குக் குறைவு. வரி செலுத்துவோரைக் காக்க எழுந்த விதி இவ்வாறு முடிந்தது விந்தையே.

2016ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தேர்தலிலே இவ்விந்தை மெண்டசீனோவில் நேரே காணப்பட்டது. மனநோயாளரை வைத்துப் பராமரிக்க அம்மாவட்டத்திலே அன்று வைத்தியசாலைப் படுக்கை இருக்கவில்லை. புத்தி பேதலித்து நெருக்கடியில் இருப்பவரைப் பல மணி நேரப் பயணத்திலே வேறு மாவட்டங்களுக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. இடம் கிடைக்கும் வரை அவர் அவசர சிகிச்சை அறையிலோ சிறையிலோ காத்திருந்தனர். அன்று செரீப் பதவி வகித்த டொம் ஆல்மன், சிறையே மனநோய் விடுதியாக மாறுவதைக் கண்டு, ஒரு டொலர் விற்பனைக்கு அரைச் சதம் கூடுதல் வரி கேட்டு இயக்கம் நடத்தினார். பொலிஸ் அதிகாரி ஒருவர் சிறைக்குப் பணம் கேளாமல் வைத்தியத்துக்குப் பணம் கேட்டது கவனிக்கத் தக்கது. வாக்களித்தோரிற் பெரும்பாலோர் 'ஆம்' என்றனர். ஆயினும் மூன்றில் இரண்டுக்குச் சிறிதளவு குறைந்தமையால், கேள்வி தோற்றது.

அதே நாளிலே, அதே சீட்டிலே, கஞ்சா வியாபாரத்தின் மீது வரி விதிக்கும் கேள்வியும் இருந்தது. அது பொது வரி. பாதிக்கு மேற்பட்ட வாக்குப் போதும். அதற்குத் துணையாக வேறொரு கேள்வி: இவ்வருமானத்தின் பெரும்பகுதியைக் கஞ்சா ஒழுங்குவிதிகளை அமுல் நடத்தவும், மனநல சேவைக்கும், பாதைகளுக்கும், தீயணைப்புக்கும் செலவிடலாமா? இது வெறும் ஆலோசனை; சபையைக் கட்டாது. இரண்டும் வென்றன. கட்டுப்படாத வாக்குறுதி வென்றது. கட்டுப்படும் வாக்குறுதி தோற்றது.

ஆல்மன் சோர்ந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பரிலே மனநல வரி 'பி' என்ற எழுத்தைத் தாங்கி மீண்டும் வந்தது. ஐந்து ஆண்டுக்கு அரைச் சதம். அதன்பின் அரைக்கால் சதம். செலவைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு ஒன்றும் விதிக்கப்பட்டது. இம்முறை நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் 'ஆம்' என்றனர்.

பணம் சேர்ந்தது; கட்டிடம் எழவில்லை. எந்த இடம், எத்தனை படுக்கை, யார் நடத்துவது என்ற விவாதத்திலே ஆண்டுகள் கழிந்தன. யூக்கையாவிலே நெருக்கடிகால உறைவிடம் ஒன்று முதலில் அமைந்தது. ஆயினும் வாக்காளர் எதிர்பார்த்த பூட்டிய மனநல வைத்திய நிலையம், ஐந்தாண்டு நிறைந்து வரி அரைக்கால் சதமாகக் குறைந்தபோதும் கட்டி முடிந்திருக்கவில்லை. கடையிலே சவர்க்காரம் வாங்கியவளும் வண்டிக்குச் சக்கரம் வாங்கியவனும் அத்தனை ஆண்டும் அரைச் சதம் கொடுத்துக் கொண்டேயிருந்தனர். 'ஏன் இத்தாமதம்?' என்று அவர்கள் கேட்டது நியாயமே.

இதற்கிடையே சட்டமும் சற்று நெகிழ்ந்தது. அப்லண்ட் என்னும் நகரைப் பற்றிய வழக்கிலே 2017ஆம் ஆண்டு கலிபோர்னிய உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சபை கொணரும் வரிக்கும் குடிமக்களே கையொப்பம் திரட்டிக் கொணரும் வரிக்கும் வேறுபாடு கண்டது. பின்வந்த மேன்முறையீட்டுத் தீர்ப்புகள், குடிமக்கள் கொணரும் வரிக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றன. மெண்டசீனோவின் நூலக அன்பர் இவ்வழியைப் பயன்படுத்தினர். 2011ஆம் ஆண்டிலே அவர்கள் பெற்ற அரைக்கால் சத நூலக வரிக்கு மூன்றில் இரண்டு வாக்கு வேண்டியிருந்தது; அதனைப் பெற்றே வென்றனர். 2022ஆம் ஆண்டிலே கையொப்பம் திரட்டி, அவ்வரியைக் கால் சதமாக்கக் கேட்டனர். ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேர் இசைந்தனர். பழைய விதியின்படி அது தோல்வி. புதிய விதியின்படி நூலகங்களுக்குக் கால் சதம் கிடைத்தது.